ஆசிரியர் குழு சாப்பிடப் போயிருக்கிறது

பள்ளிக்கூடத்தில் பிள்ளைகளுக்குப் புராஜெக்ட் கொடுத்தால் வீட்டில் பெரியவர்களுக்குக் காய்ச்சல் வரும். இந்த முறை வந்தது கையெழுத்துப் பத்திரிகைக் காய்ச்சல். தலைப்பு 'எங்கள் ஊர் உணவு'. முழுக்கக் கையால் எழுதித் திங்கட்கிழமை ஒப்படைக்க வேண்டும். எட்டாவது படிக்கும் என் மகளும் கூடப் படிக்கிற மூவரும் எங்கள் வீட்டுத் திண்ணையில் கூடி, 'சத்திரம் டைம்ஸ்' என்று பெயர் வைத்தார்கள். நால்வரும் ஆசிரியர்கள். நிருபர் வேலைக்கு மட்டும் ஆள் இல்லை. வண்டி வைத்திருக்கிற ஒரே தகுதியில் அந்தப் பதவி எனக்கு வந்தது.

பதவி ஏற்றதும் கொஞ்சம் உபதேசம் செய்தேன். சென்னையில் 1927-ல் தொடங்கிய 'முசல்மான்' என்ற உருது நாளிதழைப் பல பத்தாண்டுகளாகக் கையால் எழுதித்தான் அச்சுக்கு அனுப்பினார்கள் என்றேன். "அவங்ககிட்ட ஒயிட்னர் இருந்துச்சாப்பா?" என்றாள் மகள். உபதேசம் அதோடு முடிந்தது.

முதல் பக்கத் தலைப்பு தயாராகவே இருந்தது: 'கனகம்மாசத்திரத்தின் பாரம்பரிய உணவு பரோட்டா.' சென்னை–திருப்பதி சாலையில் இருக்கிற ஊர். பஸ்ஸும் காரும் நிற்கிற இடமெல்லாம் பரோட்டாக் கல் சத்தம்தான். பிள்ளைகளைச் சொல்லிக் குற்றமில்லை. "களியைப் பற்றி எழுதலாமே" என்றேன். நால்வரும் என்னைப் பரிதாபமாகப் பார்த்தார்கள். "அது வீட்ல சாப்பிடறது அங்கிள்" என்றான் ஓர் ஆசிரியன். போர்டு மாட்டி விற்றால்தான் உணவு. வீட்டில் தின்றால் அது வெறும் பசி.

கடைசியில் என் அம்மாவைப் பேட்டி எடுப்பது என்று முடிவானது.

"ஆயா, மாவு எவ்ளோ போடணும்?"

"போடற அளவுக்குப் போடணும்."

"எவ்ளோ நேரம் வேகணும்?"

"வேகற வரைக்கும். இதெல்லாமா பேப்பர்ல போடுவாங்க? படிக்கறவங்க சிரிக்க மாட்டாங்க?"

பேட்டி தோற்றுப்போய் நேரடி ஒளிபரப்பானது. நொய் வெந்ததும் கேழ்வரகு மாவை மேலே குவியலாகக் கொட்டினார், கிளறவில்லை. மூடி, தணலைக் குறைத்தார். பிறகு சட்டியை இறக்கி, நகராமல் கவைக்கோலால் அணைத்துக்கொண்டு களிக்கட்டையால் கிண்டினார். ஈரக் கையால் தொட்டுப் பார்த்தார், ஒட்டவில்லை. ஈரக் கிண்ணத்தில் போட்டு ஒரு சுழற்று சுழற்றியதும் களி உருண்டையாகத் தட்டில் விழுந்தது. ஆசிரியர் குழு குறிப்பெடுப்பதை நிறுத்திவிட்டு வேர்க்கடலைச் சட்னியைத் தேடியது.

அங்கேதான் எல்லைத் தகராறு வெடித்தது. பக்கத்து வீட்டுப் பெத்தம்மா எட்டிப் பார்த்து, சட்னியில் புளி இல்லாதது அநியாயம் என்றார். களியே தங்கள் வீட்டுச் சங்கட்டிதான் என்றும் சொன்னார். அம்மா கரண்டியை ஓங்கி வைத்தார். எங்கள் திருத்தணி வட்டாரம், ம.பொ.சி. போன்றோர் போராடியதால், ஆந்திராவின் சித்தூர் மாவட்டத்திலிருந்து பிரிந்து 1960 ஏப்ரல் 1-ல் இன்றைய தமிழ்நாட்டோடு சேர்ந்தது. நிலத்தை டெல்லியில் சட்டம் போட்டுப் பிரித்துவிட்டார்கள். சட்னியை யாரும் பிரிக்கவில்லை. கடைசியில் இரண்டு செய்முறையும் பக்கம் பக்கமாக வெளியாயின. அம்மா சொன்ன கருவாட்டுக் குழம்புக்கு மட்டும் அவரே தணிக்கை போட்டார்: "புரட்டாசி முடியட்டும், அப்புறம் எழுதிக்கோங்க."

புரட்டாசி என்றால் ரோட்டில் மஞ்சள் துணி கட்டித் திருப்பதிக்கு நடக்கிறவர்கள் போய்க்கொண்டே இருப்பார்கள். வழியில் பந்தல் போட்டு அன்னதானம் நடக்கும். எங்கள் குழு அங்கே போனது. மறுநாள் பத்திரிகையில் வந்த செய்தி: 'புளியோதரை சிறப்பாக இருந்தது. எமது ஆசிரியர்கள் உறுதிப்படுத்திக்கொள்ள மறுபடியும் வரிசையில் நின்றார்கள்.' இவ்வளவு நேர்மையான செய்தியை நான் வேறெந்தப் பேப்பரிலும் படித்ததில்லை.

விளம்பரமும் கிடைத்தது. கட்டணம் ஒரு தட்டு பஜ்ஜி. அதை சார்ட் பேப்பர்மேலேயே வைத்துத் தின்றதில் மூன்றாம் பக்கத்தில் பெரிய எண்ணெய்க் கறை. ஒயிட்னர் அதன்மேல் நிற்கவில்லை. என் மகள் கறையைச் சுற்றி ஸ்கெட்ச் பேனாவால் கட்டம் போட்டு, 'பஜ்ஜி (உண்மை அளவு)' என்று எழுதினாள். அவள் பிழைத்துக்கொள்வாள்.

திங்கட்கிழமை பரிசு வேறொரு குழுவுக்குப் போனது. கையெழுத்து மாதிரியே இருக்கும் எழுத்துருவில், கம்ப்யூட்டரில் அடித்து, கலர் பிரிண்ட் எடுத்த பத்திரிகை. முதல் பக்கத்தில் பீட்சா படம். எங்களுக்கு 'முயற்சி நன்று. கறையைத் தவிர்க்கவும்' என்ற சிவப்பு மைக் குறிப்பு.

இருக்கட்டும். எங்கள் ஊரில் களி கிண்டத் தெரிந்த கைகளுக்கெல்லாம் வயதாகிவிட்டது. பரோட்டாவுக்குச் செல்போனைத் தட்டினால் ஆயிரம் வீடியோ வருகிறது. என் அம்மாவின் களிக்கு இருக்கிற ஒரே ஆவணம் அந்தக் கறை படிந்த சார்ட் பேப்பர்தான். உங்கள் வீட்டிலும் இப்படி ஒரு பதார்த்தம் இருக்கும், அளவு கேட்டால் 'கொஞ்சம்' என்று சொல்கிற ஓர் ஆளும் இருப்பார். நோட்டோடு அடுப்படியில் போய் நில்லுங்கள். மாவுக் கையைப் பிடித்து நிறுத்தி, தராசில் நிறுத்து எழுதுங்கள். கண்டிப்பாகத் திட்டு விழும். அதையும் எழுதிக்கொள்ளுங்கள்.