கேப்ஸ் கேட்பதில் இருமலின் பங்கு: கொஸ்லந்த லயங்களை முன்வைத்து ஓர் ஆய்வு

பிரிட்ஜ் ஆட்டத்தில் பன்னிரண்டோ பதின்மூன்றோ பிடியை வாரிவிடலாமா என்று கூட்டாளியிடம் விசாரிக்கும் முறையை 1933இல் ஈஸ்லி பிளாக்வுட் என்ற அமெரிக்கர் வகுத்தார். 'நாலு நோ டிரம்ப்' என்றால், 'உன்னிடம் எத்தனை ஆஸ்?' என்று பொருள். 'ஐந்து டைமண்ட்' என்று பதில் வந்தால் ஒன்று, 'ஐந்து ஆட்டின்' என்றால் இரண்டு. உலகம் இதைப் புத்தகம் புத்தகமாக எழுதிப் படித்தது. இலங்கை மலையகத்தில், கொஸ்லந்த பக்கத்துத் தோட்டங்களில் இதே காரியத்தை ஓர் இருமல் முடித்துவிடுகிறது. அதைப் பற்றி அறிஞர் உலகம் வாய் திறக்கவில்லை.

இங்கே ஆட்டம் முந்நூற்று நாலு. சீட்டு 32. ஜாக்கிக்கு 30, ஒன்பதுக்கு 20, ஆஸுக்கு 11, பத்துக்கு 10, ராஜாவுக்கு 3, ராணிக்கு 2; எட்டும் ஏழும் பேருக்கு வந்தவை. ஒரு சாதிக்கு 76, நான்குக்கும் சேர்த்து 304. கேள்வி 160இல் தொடங்கும். உச்சம் 'பார்ட்னர் குளோஸ் கேப்ஸ்': கூட்டாளி சீட்டைக் கவிழ்த்து வைத்துவிட்டு ஒதுங்கிக்கொள்வார், கேட்டவர் தனியாளாக எட்டுப் பிடியையும் எடுக்க வேண்டும்.

பிளாக்வுட் கண்டிராத நுட்பம் இங்கேதான் இருக்கிறது. அவர் கூட்டாளியின் ஆஸைத் தேடியது ஆட்டத்தில் பயன்படுத்த. நம்மவர் கூட்டாளியின் ஜாக்கியைத் தேடுவது தூங்க வைக்க. ஆட்டின் ஒன்பது என் கையில் இருக்கிறது. ஜாக்கி கூட்டாளியிடம் கவிழ்ந்து கிடந்தால் என் ஒன்பதை வெல்ல ஊரில் சீட்டு கிடையாது. எதிராளியிடம் இருந்தாலோ, கேட்டவர் கதை கந்தல். ஆகவே கேள்விக்கு முன் ஓர் இருமல். பதில் இருமல் வந்தால் ஜாக்கி உண்டு.

இது கள்ள ஆட்டம் என்பாருக்கு நம் மறுப்பு: பிரிட்ஜ் சட்டப்படி, கூட்டாளிகளின் சங்கேதம் எதிரணிக்கும் தெரிந்திருக்க வேண்டும். இந்த நிபந்தனை லயத்தில் அளவுக்கு மேலேயே நிறைவேறுகிறது. இஸ்தோப்பில் மாமா இருமியதும் காம்பராவுக்குள் ரொட்டி சுடும் அத்தை, "என்னாங்க, சளியா ஜாக்கியா?" என்று கேட்பது அடுத்த லயம்வரை கேட்கும். இதைவிட வெளிப்படைத்தன்மை எங்கே உண்டு?

1975இல் பெர்முடாவில் நடந்த உலகப் போட்டியில், கூட்டாளிகள் ஒருவரையொருவர் பார்க்காதபடி மேசை நடுவே திரை வைத்தார்கள். மேசைக்கடியில் ஒருவர் காலால் மற்றவர் காலைத் தொட்டதற்காக இரண்டு இத்தாலியர் கண்டிக்கப்பட்டனர். பிறகு மேசைக்கு அடியையும் மறைக்க வேண்டியதாயிற்று. நம்மவர்கள் படங்கை விரித்துச் சம்மணம் போட்டு உட்காருகிறார்கள். மேசையே இல்லை, கால் மடியில். ஊழல் வேரிலேயே கிள்ளப்பட்டிருக்கிறது.

கோட்பாட்டின் ஒரே பலவீனம் பருவகாலம். ஐப்பசி, கார்த்திகையில் மழையும் மூடுபனியுமாக இருக்கும்போது நாலு பேருக்கும் உண்மையாகவே இருமல். எது தடிமன், எது ஜாக்கி என்று பிரித்தறிய முடியாமல் பல நல்ல கேப்ஸுகள் கேட்கப்படாமலே போயிருக்கின்றன. கேட்கக் கூடாத சில கேட்கவும் பட்டன. இதில் எதிரணியின் தந்திரத்தையும் பதிவு செய்தாக வேண்டும்: சீட்டுக் கலைக்குமுன், மிகுந்த அக்கறையோடு, மாமாவுக்கு ஒரு கோப்பை கொத்தமல்லித் தண்ணி.