உப்பு, மிளகு, மரு

கே: பனித்திட்டில் மீன் வெட்டி விற்கிறேன். விரலெல்லாம் மரு. மீனால் வந்த வினையா?

ப: மீன் மேல் பழி போடாதீர்கள். மருவைத் தருவது மனித பாப்பிலோமா வைரஸ். மனிதரிடமிருந்தோ அவர் தொட்ட பொருளிலிருந்தோதான் வரும். ஆனால் உங்கள் தொழிலுக்கும் பங்கு உண்டு. நாள் முழுக்க ஐஸிலும் தண்ணீரிலும் ஊறிய தோலை முள்ளும் கத்தியும் கீறும். வைரஸுக்கு அதுவே வாசல். இறைச்சிக் கடைக்காரர்களுக்கும் இதே கதைதான். இந்த இரு தொழிலாளர்களின் கைகளில் தென்படும் 7ஆம் வகை வைரஸ் மற்றவர்களிடம் அபூர்வம். கையுறை போடுங்கள். கத்தியையும் கைத்துண்டையும் பக்கத்துக் கடைக்கு இரவல் தராதீர்கள்.

கே: பாகூரில் நடவுக்குப் போகிறவள் நான். கால் ஆணியைப் பிளேடால் செதுக்கச் செதுக்க, பக்கத்தில் குட்டி போடுகிறதே?

ப: ஆணி குட்டி போடாது. போட்டால் மரு என்று சந்தேகப்படுங்கள். உடம்பின் எடை அழுத்துவதால் பாதத்து மரு வெளியே முளைக்காமல் உள்ளே அமுங்கி ஆணி வேஷம் கட்டும். நேராக அழுத்தினால் வலிப்பது ஆணி. இரு பக்கமும் சேர்த்துக் கிள்ளினால் வலிப்பது பெரும்பாலும் மரு. செதுக்கிய இடத்தில் கறுப்புப் புள்ளிகள் தெரிகின்றனவா? அவை அடைபட்ட ரத்த நாளங்கள், மருதான். சேற்றில் ஊறிய பாதத்தில் பிளேடு போட்டு நீங்களே அதைப் பரப்புகிறீர்கள். நாற்றை வயலில் நடுங்கள், காலில் வேண்டாம். சர்க்கரை நோய் இருந்தால் மருந்துக்கடை ஆணி பிளாஸ்திரியையும் தொடாதீர்கள். அதிலுள்ள சாலிசிலிக் அமிலம் புண்ணாக்கிவிடும்.

கே: வைத்தீஸ்வரன் கோயிலில் உப்பு, மிளகு போட்டேன், மரு உதிர்ந்துவிட்டது. இப்போது என்ன சொல்கிறீர்?

ப: சந்தோஷம் என்கிறேன். எதுவும் போடாத பக்கத்து வீட்டுக்காரருக்கும் உதிர்ந்திருக்கலாம், விசாரியுங்கள். எதிர்ப்புச் சக்தி வைரஸை அடையாளம் கண்டுகொண்டால் மரு தானாகப் போகும். பிள்ளைகளுக்குப் பெரும்பாலும் இரண்டு வருடத்துக்குள். பெரியவர்களுக்குச் சில சமயம் ஐந்து, பத்து வருடம்கூட இழுக்கும். காணிக்கை தொடரட்டும். சுண்ணாம்பையும் சலவை சோடாவையும் குழைத்து வைப்பதை மட்டும் விடுங்கள். மரு போனாலும் தழும்பு போகாது.

கே: வில்லியனூரில் வாரம் இருமுறை சவரம் செய்துகொள்கிறேன். தாடையில் வரிசையாகப் பொடி மரு. ஏன்?

ப: வரிசை கட்டியது பிளேடு. ஒரு மருவைச் சீவிவிட்டு அது போன வழியெல்லாம் வைரஸ். ஆறும்வரை தாடி வளருங்கள். கேட்பவர்களிடம் வேண்டுதல் என்று சொல்லுங்கள். கடையில் புது பிளேடு கேட்க வெட்கம் வேண்டாம். நகம் கடிக்கிற பழக்கம் உண்டா? விரல் நுனிக்கும் இதே கதி.

கே: கர்ப்பப்பை வாய்ப் புற்றுநோய் தருவதும் இதே வைரஸாமே?

ப: குடும்பம் ஒன்று, ஆட்கள் வேறு. 200க்கும் மேற்பட்ட வகைகள் உண்டு. அந்தப் புற்றுநோய்க்குப் பெரிதும் காரணம் 16, 18. கை மருவுக்கு 2, 27, 57 போன்றவை. கை மரு அங்கே போய் புற்றாகாது.

கே: ஐம்பது வயதில் திடீரென உடம்பெல்லாம் மரு. பரவாயில்லையா?

ப: இதில் விளையாட்டு வேண்டாம். அந்த வயதில் முளைப்பதெல்லாம் மருவல்ல. மருவேதான் என்றால், எதிர்ப்புச் சக்தி ஏன் குறைந்தது என்று பார்க்க வேண்டும். சிறுநீரகம் மாற்றிக்கொண்டு மருந்து சாப்பிடுபவர்களுக்கும் எச்.ஐ.வி. உள்ளவர்களுக்கும் மரு ஏராளமாக வரும், எளிதில் போகாது. வேகமாக வளர்ந்தாலோ ரத்தம் கசிந்தாலோ கோரிமேடு ஜிப்மர் தோல் பிரிவில் உடனே காட்டுங்கள்.