ஜாஃபருக்கே தோன்றாத பொறி

ஜோர்டான் மெக்னர் 1989இல் ஆப்பிள் 2 கணினிக்கு எழுதிய ‘பிரின்ஸ் ஆஃப் பெர்ஷியா’ விளையாட்டை இப்போது பிரவுசரிலேயே ஆடலாம். சிறை, மாளிகை, மந்திரி, இளவரசி என எல்லாவற்றையும் 128 கேபி நினைவகத்துக்குள் அடக்கினார் மனிதர். இடம் போதாமல் இளவரசன் உருவத்தையே கொஞ்சம் மாற்றிப் போட்டு, நிழல் எதிரி ஒருவனையும் தேற்றிவிட்டார். இன்றைய பிரவுசரோ வெறும் டேப் ஒன்றைத் திறந்துவைக்கவே அதைப்போல் பல நூறு மடங்கு கேட்கிறது.

இளவரசிக்கு மந்திரி ஜாஃபர் தரும் கெடு 60 நிமிடம்; அதற்குள் இளவரசன் அவளை மீட்க வேண்டும். முள் குத்தாமல் மெல்ல அடியெடுத்து வைக்க ஷிஃப்ட் விசை. பொறுப்பாக ஐந்து முறை தட்டினால், விண்டோஸ் குறுக்கே வந்து ‘ஸ்டிக்கி கீஸ் வேண்டுமா?’ என்று விசாரிக்கும். ஜாஃபருக்கே இது தோன்றியிருக்காது.

மெக்னர் தன் தம்பியை வெள்ளை உடையில் ஓடவிட்டு, தாவவிட்டு, வீடியோ எடுத்து, அதைப் பார்த்து பிரேம் பிரேமாக வரைந்த உருவம்தான் இளவரசன். ஆகவே அவன் அசல் மனிதன்தான்: நில் என்றால் உடனே நிற்க மாட்டான், இன்னும் ஓரடி சறுக்குவான். பள்ளம் சரியாக அந்த ஓரடியில்தான் இருக்கும்.

டாஸ் பதிப்பில் இன்னொரு கூத்து. கள்ளப் பிரதியைத் தடுக்க, கையேட்டின் இன்ன பக்கத்து இன்ன வரியில் இன்ன சொல்லின் முதலெழுத்தைப் பார்த்து, அதற்குரிய குப்பியைக் குடி என்கிறது. இளவரசி காத்திருக்கிறாள், மாவீரர் பக்கத்து டேபில் கையேட்டின் பிடிஎஃப்பைத் தேடிக்கொண்டிருக்கிறார்.