மொடக்குறிச்சி வைத்தியம்

அமெரிக்காவில் பெரிய கட்சி இரண்டேதான். அதற்கே அங்கே அண்ணன் தம்பிக்குள் பேச்சுவார்த்தை இல்லை. 2020 அதிபர் தேர்தலில் தோற்றவர் தோல்வியை ஒத்துக்கொள்ளவில்லை. 2021 ஜனவரியில் கூட்டம் நாடாளுமன்றத்துக்குள்ளேயே புகுந்து கண்ணாடியை உடைத்தது. கொங்குச் சீமையில் ஆட்சி மேல் நம்பிக்கை போனால் கண்ணாடியை உடைப்பதில்லைங்க, வேட்புமனு வாங்குவோம்.

1996 சட்டமன்றத் தேர்தல். தங்கள் குறை யார் காதிலும் ஏறவில்லை என்று ஈரோட்டுப் பக்கம் மொடக்குறிச்சியில் விவசாயிகள் கூட்டம் கூட்டமாக மனுப் போட்டார்கள். களத்தில் 1,033 பேர். தேர்தல் தள்ளிப்போனது, வாக்குச்சீட்டு புத்தகமாகவே அச்சாகி வந்தது. 88 பேருக்கு ஓர் ஓட்டும் விழவில்லை. அரசை நம்பாத வாக்காளர் எங்கும் உண்டு. தன்னையே நம்பாத வேட்பாளர் எங்களுக்கு மட்டும் வாய்த்த பாக்கியம்.

இத்தனை பெரிய குரலை டெல்லி கேட்காமல் இருக்குமா? கேட்டது. அந்த ஆண்டே சட்டத்தைத் திருத்தி, சட்டமன்ற டெபாசிட்டை 250 ரூபாயிலிருந்து 5,000 ஆக்கியது.

அன்று அத்தனை பேரையும் தாண்டி ஜெயித்த தி.மு.க.வின் சுப்புலட்சுமி ஜெகதீசன், 2021-இல் அதே தொகுதியில் பா.ஜ.க.வின் சரஸ்வதியிடம் 281 ஓட்டில் தோற்றார். கோட்டைக்குள் யாரும் புகவில்லை.

விவசாயிகளின் குறை என்ன ஆயிற்று என்கிறீர்களா? அதற்கு டெபாசிட் கட்ட வசதி பத்தலைங்க.