கடல் பாட்டி காலமானார்

வீட்டில் கடல் நீர்த் தொட்டி வைத்திருக்கும் நண்பர் உங்களுக்கு உண்டா? கரண்ட் போனால் வீட்டுக் குழந்தை அழுவதற்கு முன்னால் அவர் அழுவார். ஏர் பம்ப், வேவ் மேக்கர், புரோட்டீன் ஸ்கிம்மர், தனி லைட், அதற்குத் தனி டைமர் என்று ஹாலில் ஒரு ஐ.சி.யூ. வார்டே ஓடிக்கொண்டிருக்கும். உள்ளே யார் பேஷண்ட் என்று எட்டிப் பார்த்தால், கட்டைவிரல் அளவுக்கு ஒரு பவளம்!

1847இல் லண்டனில் இந்த மெஷின்கள் அத்தனையும் ஒரே உருவில் இருந்தன. அந்த மெஷின் காலையில் எழுந்து, கவுன் போட்டுக்கொண்டு, படியேறி வேலைக்கு வந்தது. ஆமாம், உலகின் முதல் ஏர் பம்ப் ஒரு வேலைக்காரப் பெண்.

எஜமானியின் பெயர் அன்னா தின். கணவர் வெஸ்ட்மின்ஸ்டர் அபேயில் பெரிய பாதிரியார். மன்னர்களுக்கு முடிசூட்டுகிற கோயில், சாதாரண உத்தியோகமா! அம்மையார் 1846இல் டார்கீ கடற்கரைக்குக் காற்று வாங்கப் போனார். வாங்கி வந்ததோ ஒரு ஜாடி நிறையக் கல் பவளம். வழியில் முட்டி மோதி உடையக்கூடாதே என்று ஊசி நூலால் அவற்றை ஒரு கடற்பஞ்சில் தைத்துக்கொண்டு வந்தார் பாருங்கள், அங்கே நிற்கிறார் அன்னா!

லண்டனுக்கு வந்த பிறகுதான் சிக்கல். கடல் ரொம்ப தூரத்தில். தண்ணீரை அடிக்கடி மாற்ற முடியாது, மாற்றாவிட்டால் நாறும். அதனால் திறந்த ஜன்னல் முன்னால் வேலைக்காரப் பெண்ணை நிறுத்தி, அரை மணியிலிருந்து முக்கால் மணி நேரம் அந்தத் தண்ணீரை ஆற்ற வைத்தார். நம் டீக்கடை மாஸ்டர் டீ ஆற்றுவாரே, அதே டெக்னிக். ஆற்ற ஆற்றக் காற்று கலந்தது. பவளங்கள் பிழைத்தது மட்டுமல்ல, குட்டியும் போட்டன. அந்தப் பெண்ணின் கை வலியைப் பற்றி மட்டும் யாரும் ஆராய்ச்சி செய்யவில்லை.

அன்னா இதையெல்லாம் எழுதி வெளியிட்டது 1859இல். அதற்குள் ஆண்கள் வந்துவிட்டார்கள். ராபர்ட் வாரிங்டன் என்ற வேதியியல்காரர் தங்கமீன், நத்தை, நீர்ச்செடி மூன்றையும் ஒரே தொட்டியில் போட்டு, செடி விடும் ஆக்சிஜனை மீன் சுவாசிக்கும் என்று 1850இல் கட்டுரை படித்தார். பின்னாலேயே வந்தார் பிலிப் ஹென்றி கோஸ் என்ற இயற்கை ஆய்வாளர். கடலைத் தொட்டிக்குள் அடைத்து, 1854இல் புத்தகம் போட்டு, 'அக்வேரியம்' என்ற பெயரையும் ஊர் வாயில் ஏற்றிவிட்டார். லத்தீனில் அது மாடு தண்ணீர் குடிக்கிற இடம்!

கோஸ் ஒரு அபூர்வப் பிறவி. பைபிளில் பிசகாத பக்தி, பூச்சியில் பிசகாத பக்தி. மகன் பிறந்த அன்று டைரியில், மனைவிக்கு ஆண் குழந்தை என்று ஒரு வரி. ஜமைக்காவிலிருந்து பச்சைத் தகைவிலான் குருவி வந்து சேர்ந்தது என்று அடுத்த வரி. அவ்வளவுதான், இரண்டும் வரவுக் கணக்கு! மகன் வளர்ந்து பெரிய எழுத்தாளரானார். அப்பாவை விட்டுக்கொடுக்காமல், குருவி அன்றைக்குக் கொஞ்சம் லேட்டாக வந்தது, அதனால்தான் இரண்டாவது வரி என்று விளக்கம் கொடுத்தார். பாவம், முதலிடம் கிடைத்ததே போதும் அவருக்கு.

இதே கோஸ் கடல் சாமந்தியைச் சமைத்தும் சாப்பிட்டிருக்கிறார். பூ மாதிரி விரிந்து, தொட்டால் சுருங்குமே, அந்தப் பிராணியைத்தான். முதல் கவளம் தொண்டையில் நின்றுகொண்டு இறங்கமாட்டேன் என்று அடம்பிடித்ததாம். பக்கத்திலிருந்த சின்னப் பையனோ ரசித்துச் சாப்பிட்டான். குருவியோடு போட்டி போட்டுப் பிறந்த பிள்ளை வேறு எப்படி இருப்பான்?

புத்தகம் வந்ததும் இங்கிலாந்துக்குப் பித்து தலைக்கேறியது. கண்ணாடி வரியை 1845லேயே எடுத்துவிட்டார்கள். ரயிலும் கடற்கரை வரை ஓடியது. சீமாட்டிகள் உளியும் சுத்தியலுமாகக் கிளம்பி டெவன் கடற்கரைப் பாறைகளைக் கொத்தினார்கள். கடலுக்குப் போக முடியாதவர்களுக்கு கோஸே ஒரு ரெசிபி கொடுத்தார். சமையல் உப்பு, இன்னும் இரண்டு உப்பு, கூடவே பேதி உப்பு. கலக்கினால் வீட்டிலேயே கடல்! லண்டனில் அல்ஃபோர்ட் லாயிட் என்பவர் இதற்கென்றே ஒரு கடை திறந்தார். 1862இல் திவாலானார்.

பின்னே? தொட்டிகள் நாறின. ஒரு சாமந்தி செத்தால் போதும், அடுத்த நாள் மொத்தக் காலனியும் காலி. கழிவிலிருந்து வருகிற அம்மோனியாதான் வில்லன், அதைத் தின்று தீர்க்கப் பாறையில் பாக்டீரியா வேண்டும் என்று அன்றைக்கு யாருக்குத் தெரியும்! வரவேற்பறைத் தொட்டி சாக்கடை ஆயிற்று, கடற்கரைப் பாறை மொட்டை ஆயிற்று. சின்ன வயதில் பார்த்த அந்தப் பாறைக் குட்டைகள் போயே போய்விட்டன என்று கோஸின் மகன் பிற்காலத்தில் புலம்பினார். அப்பா எழுதிய புத்தகம்தான் காரணம், யாரிடம் போய்ச் சொல்வது? (நம் நாட்டில் யாரும் உளியைத் தேட வேண்டாம். கல் பவளம் 2001 முதல் வனவிலங்குச் சட்டத்தின் முதல் அட்டவணையில் இருக்கிறது. புலி இருக்கிற அதே அட்டவணை.)

இத்தனை அமளிக்கும் நடுவே எடின்பரோவில் ஒரு கண்ணாடி ஜாடிக்குள் ஒருத்தி சும்மா உட்கார்ந்திருந்தாள். சர் ஜான் டல்யெல் என்ற இயற்கை ஆய்வாளர் 1828இல் பாறையிலிருந்து பெயர்த்துக்கொண்டு வந்த சிவப்புக் கடல் சாமந்தி. செல்லப் பெயர் கிரானி, அதாவது பாட்டி. தத்துவம் கிடையாது, தொழில்நுட்பம் கிடையாது. அடிக்கடி புதுக் கடல்நீர், எப்போதாவது அரை மட்டிச் சதை. கடல் வற்றும்போது வெயிலில் காய்ந்து, ஏறும்போது நனைந்து பழகிய ஜாதி, எதற்கும் அசையாது.

1851இல் டல்யெல் போனார். ஜாடி பேராசிரியர் ஃபிளெமிங்கிடம் வந்தது, அவரும் போனார். டாக்டர் மெக்பெய்ன் வாங்கி வைத்துக்கொண்டார், அவரும் போனார். தாவரவியல் பூங்காவின் ஜான் சாட்லர்? அவரும்தான்! ஜாடியை வாங்க அடுத்த ஆள் எப்படித் துணிந்தாரோ தெரியவில்லை. பாட்டிக்குப் பார்வையாளர்கள் வந்தார்கள், அவர்கள் கையெழுத்துப் போடத் தனிப் புத்தகம் இருந்தது. 1857இல் ஒரே ராத்திரியில் 200க்கு மேல் குட்டிகள் வேறு போட்டாள்.

1887இல் பாட்டி போனபோது 'ஸ்காட்ஸ்மன்' பத்திரிகை இரங்கல் செய்தி வெளியிட்டது. ஜாடி வாழ்க்கை மட்டும் 59 வருஷம். பிடித்தபோதே ஏழு வயதாவது இருக்கும் என்பது டல்யெலின் கணக்கு.

ஆகவே, கடல் தொட்டி வாங்கக் கடைக்குக் கிளம்பிவிட்ட வாசகரே, பம்ப் எந்த கம்பெனி என்பதை அப்புறம் பார்க்கலாம். முதலில் ஒரு வக்கீலைப் பார்த்து, உங்களுக்குப் பிறகு தண்ணீர் மாற்றப் போவது யார் என்று உயில் எழுதி வையுங்கள்.