ஜன்னலுக்குச் சுத்த நீர்

முகப்பில் கண்ணாடி பதிக்காத கட்டடத்துக்கு மதுரை செல்லூரிலும் மதிப்பில்லை. பதித்தாயிற்று, துடைப்பது யார்? ஆளைக் கயிற்றில் தொங்கவிடாமல், தரையில் நின்றே தண்ணீர் பீய்ச்சித் தேய்க்கும் நீளக் கம்புகள் இருக்கின்றன. வாங்குவோருக்குச் சில யோசனைகள்.

அலுமினியக் கம்பு மலிவு. ஆனால் மேலே போகும் மின்கம்பியில் பட்டால், கண்ணாடிக்கு முன் ஆள் பளிச்சிடுவார். கார்பன் ஃபைபர் எடை குறைவு, அதிகம் வளையாது. விலை மட்டுமல்ல, அதுவும் ஷாக் அடிக்கும். கண்ணாடியிழை அவ்வளவாக மின்சாரம் கடத்தாது என்பார்கள். நனைந்த கம்புக்கு அந்த உத்தரவாதம் செல்லாது. 40 அடிக் கம்பைச் சாய்த்துப் பிடிக்கப் பின்னால் இடமும் வேண்டும். செல்லூர்ச் சந்தில் நாலடி பின்வாங்கினால் எதிர்வீட்டு அடுப்படி.

அடுத்தது தண்ணீர். நாம் குடிக்கும் நீரில் லிட்டருக்கு 500 மில்லிகிராம் உப்பு கரைந்திருக்கலாம், வேறு வழியில்லாவிட்டால் 2,000 வரை போகலாம் என்கிறது இந்தியத் தரநிர்ணயம். ஜன்னலுக்கு இந்தச் சகிப்புத்தன்மை கிடையாது. 10 தாண்டினாலே திட்டுத்திட்டாகக் கறை காட்டும். ஆகவே அதற்கு ஆர்.ஓ., அதற்குமேல் உப்பு நீக்கும் பிசின் உருளை. மனிதருக்கு லாரித் தண்ணீர்.

2017-இல் வைகை அணை நீர் ஆவியாகாமலிருக்கத் தெர்மாகோல் மிதக்கவிட்ட அமைச்சர் செல்லூர் ராஜுவைப் பார்த்து ஊரே சிரித்தது. அவராவது தண்ணீரை வெயிலிடமிருந்து காப்பாற்றப் பார்த்தார். இந்தக் கம்பின் சிறப்பே, வடிகட்டிய நீரைச் சுவரில் ஊற்றி, துடைக்காமல் வெயிலில் காயவிடுவதுதான். இதற்குப் பெயர் தொழில்நுட்பம்; சிரிக்கக் கூடாது.