பல்கனியில் ஒரு தலை

பலெர்மோ,
ஜூன் கடைசி

அன்புள்ள அக்காவுக்கு,

  

போன கிழமை வீடியோவில நீங்கள் கண்டது மனுசத் தலை இல்லை. அது பூச்சாடி. தலைப்பாகை கட்டி, தாடி வைச்சு, கண்ணை முழிச்சுக்கொண்டு நிக்கிற பீங்கான் சாடி. நீங்கள் "ஐயோ, உதென்ன கோதாரி பல்கனியில" எண்டு கத்திப்போட்டுப் போனை வைச்சதில உங்கட மச்சாளுக்கு இரவு முழுக்க நித்திரை இல்லை. ஊரில என்ன கதை பரவப்போகுதோ எண்ட பயம். அதுதான் விபரமாய் எழுதிறன். மாமிக்கும் வாசிச்சுக் காட்டுங்கோ. சின்னம்மாவுக்கு மட்டும் வேண்டாம், அவ ரெண்டு தலை கூட்டிச் சொல்லுவா.

இந்தத் தலை இஞ்ச எங்களிட்ட மட்டும் இல்லை, பார்க்கிற பல்கனியிலயெல்லாம் இருக்கு. சிசிலித் தீவின்ர உள்பக்கம் கல்த்தஜிரோனே எண்டு ஒரு ஊர், மட்பாண்டத்துக்குப் பேர் போன இடம். அங்க 142 படி வைச்ச ஒரு படிக்கட்டில ஒவ்வொரு படிக்கும் வேற வேற கோலத்தில ஓடு பதிச்சிருக்கினம். அந்த ஊர்ச் சூளையளில வேகிற தலையள் சிசிலி முழுக்கக் குந்தியிருக்கு.

கதை என்னெண்டா, 1100ஆம் ஆண்டளவில பலெர்மோவின்ர கல்சா எண்ட பகுதியில ஒரு வடிவான பெட்டை இருந்தாளாம். பல்கனிச் செடிக்குத் தண்ணி விடுறதுதான் அவளுக்குப் பொழுதுபோக்கு. றோட்டால போன ஒரு மூர் இளந்தாரி அண்ணாந்து பார்த்தான், காதல் வந்திட்டுது. கொஞ்சநாள் போகத்தான் தெரிஞ்சுது, அவருக்கு ஊரில பெண்சாதியும் பிள்ளையளும் பார்த்துக்கொண்டிருக்கினம் எண்டு. எங்கட பக்கம் எண்டால் பெட்டையின்ர தமையன்மார் நாலு பேரைக் கூட்டிக்கொண்டு போய்க் கதைச்சிருப்பினம். இவள் ஆரையும் கூப்பிடேல்லை. ஆள் நித்திரையாய்க் கிடக்கேக்க தலையை வெட்டி, அதுக்குள்ள பசிலிக்கோச் செடியை நட்டு, பல்கனியில வைச்சிட்டாள். தண்ணிக்குப் பதிலாய்க் கண்ணீர். செடி எண்டால் செடி, அப்பிடி ஒரு செழிப்பாம்.

அயலட்டைச் சனம் என்ன செய்திருக்க வேணும்? காவல்காரனுக்கு அறிவிச்சிருக்க வேணும். அவையள் என்ன செய்தவை தெரியுமோ? "உவளின்ர பசிலிக்கோ மட்டும் எப்பிடி உவ்வளவு வளருது" எண்டு பொறாமைப்பட்டு, அதே மாதிரித் தலைச்சாடி களிமண்ணில செய்விச்சு வைச்சவை. கொலையைப் பற்றி ஒருத்தரும் வாய் திறக்கேல்லை. செடியைத்தான் விசாரிச்சவை. இந்த ஊரை விளங்கிக்கொள்ள இது காணும் அக்கா.

நான் பராமரிக்கிற கிழவர் முந்திப் பள்ளிக்கூடத்தில படிப்பிச்சவர். அவருக்கு ஒரு தலை போதாது. மெஸ்ஸினாவிலயும் ஒரு தலை இருக்கு எண்டு மத்தியானம் முழுக்கச் சொன்னவர். போக்காச்சியோ எண்டவர் 14ஆம் நூற்றாண்டில எழுதின 'தெக்கமெரோன்' புத்தகத்தில, நாலாம் நாளில ஐந்தாவது கதை. லிசபெத்தா எண்ட பெட்டையின்ர காதலனைத் தமையன்மார் மூண்டு பேர் சேர்ந்து கொலை செய்யிறாங்கள். அவள் கிண்டி எடுத்து, தலையை மட்டும் கொண்டுவந்து சாடியில வைச்சு, மேல பசிலிக்கோ நட்டு, அழுது அழுது வளர்க்கிறாள். ரெண்டு கதையிலயும் பசளை ஒண்டுதான். எங்கட சாடிக்குள்ள கடையில வாங்கின மண்ணைத் தவிர ஒண்டும் இல்லை எண்டதை மாமிக்கு அழுத்திச் சொல்லுங்கோ.

பசிலிக்கோ உங்களுக்குத் தெரியாத சாமான் இல்லை. துளசிக்கு ஒண்டுவிட்ட சகோதரம். சர்பத்துக்குள்ள தவளை முட்டை மாதிரி மிதக்குமே கசகசா, அது இந்தச் செடியின்ர விதை. தண்ணி பட்ட உடனே சவ்வு கட்டும். திருவிழாக்காலத்தில நாங்கள் குடிச்சுத் தள்ளின சர்பத்துக்கு ஒரு பெரிய தோட்டமே போட்டிருக்கலாம். மண்ணில போட்டால் மேல மெல்லிசாய் மூடினால் காணும், சூடு இருந்தால் ஒரு கிழமையில முளைச்சிடும்.

பிரச்சினை மச்சாளுக்குத்தான். துளசி மாடத்தைச் சுத்திக் கும்பிட்டு வளர்ந்தவ, வெள்ளன எழும்பித் தலைமுழுகாமல் கிட்டப் போகமாட்டா, ஏகாதசியில இலை தொடமாட்டா. எதிர்ப் பல்கனிச் சின்யோரா காலில செருப்போட, வாயில சிகரெட்டோட வந்து, பசிலிக்கோவின்ர உச்சியைச் சடக் சடக் எண்டு ஒடிச்சுக்கொண்டு குசினிக்குள்ள போவா. முதல் நாள் அதைப் பார்த்த மச்சாள் கன்னத்தில போட்டுக்கொண்டா. எங்கட ஒழுங்கை அகலம் ஒரு கட்டிலளவுதான், பல்லாரோச் சந்தைக்குப் பின்பக்கம். ஆர் வீட்டில என்ன வேகுது எண்டதை மூக்கே சொல்லும், ஆர் செடி வாடியிருக்கு எண்டதைச் சின்யோரா சொல்லுவா. சத்தமாய்.

எங்கட செடி நெட்டையாய் வளர்ந்து நிண்டதைப் பார்த்து ஒருநாள் அவவுக்குப் பொறுக்கேல்லை. படியிறங்கி, றோட்டைக் கடந்து, எங்கட மூண்டு மாடியும் ஏறி வந்திட்டா. மச்சாளின்ர கையைப் பிடிச்சு, பெருவிரல் நகத்தைச் செடியில வைச்சுக் காட்டினா. தண்டில இலை ரெண்டும் எதிரெதிராய்ப் பிரியிற இடத்தில, கக்கத்துக்குள்ள, கடுகளவில ரெண்டு பச்சைக் குருத்து ஒளிச்சிருக்கும். அதுக்கு ஒரு நூல் மேல நுள்ள வேணும். கீழ இருக்கிற பெரிய இலையளைப் பிடுங்கிறதில்லை, சூரியனைப் பிடிக்கிறது அதுகள்தான். நுள்ளின இடத்தில அந்த ரெண்டு குருத்தும் ரெண்டு கொப்பாய் வரும். வேல் பட்டு ரெண்டாய்ப் பிளந்து சேவலும் மயிலுமாய் வந்த சூரன் மாதிரித்தான். மச்சாள் அதைக் கேட்ட பிறகுதான் மனம் தேறி, வெள்ளிக்கிழமை தவிர மற்ற நாளில நுள்ள ஒத்துக்கொண்டா.

பூ விசயத்தில இன்னும் சமாதானம் இல்லை. வெள்ளைப் பூக்கதிர் கிளம்பினால் செடி இலையை மறந்திடும். இலை சிறுத்து, வாசம் போய், கசக்கத் தொடங்கும். அதாலே மொட்டிலயே கிள்ளச் சொல்லுறா சின்யோரா. பூக்கிறதைக் கிள்ளுறது பாவம், பிள்ளையார் படத்துக்கு வேணும் எண்டுறா மச்சாள். இப்ப ஒரு சாடி பிள்ளையாருக்கும் தேனீக்கும், மிச்சம் குசினிக்கு எண்டு பாகப்பிரிவினை முடிஞ்சிருக்கு.

கீழ்வீட்டில இருக்கிற கரவெட்டிப் பெடியன் சுப்பர்மார்க்கெட்டில சாடியோட வாங்கி வாறவன். அது எட்டு நாளில சாகும், இன்னொண்டு வாங்குவான். சின்யோரா அந்தப் பிரேதத்தை ஒருநாள் கவிழ்த்துப் பார்த்தா. அது ஒரு செடியே இல்லை, ஒரு கோப்பை மண்ணுக்குள்ள இருபது முப்பது நாற்று வேரும் வேருமாய் நெருக்கிப்பட்டுக்கொண்டு கிடக்கு. கொழும்பில நாங்கள் லொட்ஜ் அறையில கிடந்தது நினைவிருக்கோ? வாங்கின அண்டைக்கே தண்ணியில ஊறவைச்சு, நோகாமல் பிரிச்சு, ஒரு சாடிக்கு மூண்டு நாலாய் நட்டால் கோடை முழுக்க நிக்கும். பெடியனுக்கு இப்ப பத்துச் சாடி. கலியாணம் பேசலாம் எண்டு சின்யோரா சொல்லுறா.

தண்ணிதான் பெரிய அரசியல். ஆபிரிக்காவில இருந்து ஷிரோக்கோ எண்டு ஒரு காத்து அடிக்கும், அடுப்பு வாயைத் திறந்த மாதிரி. மண்சாடி மத்தியானத்துக்குள்ள காய்ஞ்சுபோம். விடியமுதல் அடிமண்ணில விடவேணும், இலையில படக்கூடாது, கீழ்த்தட்டில தேங்கவும் கூடாது, வேர் அழுகும். அப்பிடி விட்டதில சொட்டின தண்ணி கீழ்மாடி ஐயாவின்ர வெள்ளைச் சேட்டில மண்ணிறப் பொட்டு வைச்சிட்டுதாம். கட்டடத்துக்காரர் கூட்டம் கூட்டிச்சினம். கோயில் பரிபாலன சபைக் கூட்டம் பார்த்தவன் நான், எண்டாலும் கதிரை தூக்காத குறைதான். ரெண்டு மணித்தியாலம் கத்தி முடிச்ச பிறகு வந்த தீர்ப்பு, காலமை ஆறு மணிக்கு முதல் தண்ணி, ஆறுக்குப் பிறகு உடுப்பு. செடியை எடுக்கச் சொல்லி ஒருத்தரும் கேக்கேல்லை. சேட்டுக்காரரும் கேக்கேல்லை, அவரிட்ட ஏழு சாடி இருக்கு.

2024இல மழை பொய்ச்சு நகரத்தில தண்ணியைப் பங்கிட்டு விட்டாங்கள். அப்ப மச்சாள் அரிசி கழுவின தண்ணியைச் செடிக்கு ஊத்தினதைச் சின்யோரா கண்டிட்டா. அவவின்ர குசினியில மிஞ்சிறது பாஸ்தா அவிச்ச உப்புத்தண்ணி, அது செடிக்கு நஞ்சு. உடனே பல்கனியில இருந்து கயித்தில கூடை இறங்கிச்சுது. இஞ்ச மேல்மாடிக்காரர் பாண், மரக்கறி ஏத்தி இறக்கிறதுக்கு அந்தக் கூடைதான், பனாரு எண்டு சொல்லுவினம். உங்கட மருமகள் றோட்டில நிண்டு அரிசித்தண்ணிப் போத்திலை வைச்சு அனுப்புவாள், திரும்பிக் கூடையில தக்காளி வரும்.

போன வருசம் இலை மஞ்சளிச்சு, அடிப்பக்கம் சாம்பல் பூத்துது. அது பூஞ்சணம் மாதிரி ஒரு நோய், இத்தாலியில முதல்முதல் 2003இல பிடிச்சது எண்டு கிழவர் சொன்னவர். ஈரமும் நெருக்கமும் கூடினால் வரும், பிடிச்ச செடியை வெட்டி எறியிறதுதான் வழி. சின்யோராவோ ஒரே வார்த்தையில கண்ணூறு எண்டிட்டா. மச்சாள் அதுக்காகவே காத்திருந்த மாதிரி உப்பும் செத்தல் மிளகாயும் எடுத்துச் சுத்தி நெருப்பில போட்டா. ஒழுங்கை முழுக்க இருமல். செடியைப் பிறகு நான் வெட்டித்தான் எறிஞ்சனான்.

சின்யோராவோட இவ்வளவு சொந்தம் வந்ததுக்கு இந்த ஊர்ப் புனிதை சாந்தா ரொசாலியாவும் ஒரு காரணம். பெல்லெக்ரீனோ மலையில குகைக்கோயில். 1624இல கொள்ளைநோய் வந்தநேரம் அந்த அம்மாவின்ர எலும்பை அங்க கண்டெடுத்தவையாம், அடுத்த வருசம் ஊர்வலமாய்க் கொண்டுவர நோய் விட்டுதாம். எங்கட சனம் சைவம், வேதம் எண்டு பார்க்காமல் ஞாயிற்றுக்கிழமையில மலையேறுறது உங்களுக்குத் தெரியும். நாங்கள் வெறுங்காலோட ஏறிறதைக் கண்ட நாளில இருந்து சின்யோராவுக்கு நாங்கள் பக்கத்து வீடு இல்லை, சகோதரம்.

சாப்பாட்டைச் சொல்லாமல் விட்டால் அத்தான் கோவிப்பார். வடக்கில ஜெனோவாக்காரர் பசிலிக்கோவை உள்ளி, பைன் பருப்பு, சீஸ், ஒலிவ் எண்ணெயோட கல்லுரலில இடிச்சு பெஸ்தோ எண்டு செய்யினம். தங்கட இலைக்கு 2005இல ஐரோப்பிய முத்திரையும் வாங்கிப்போட்டினம். இஞ்ச த்ராப்பானிப் பக்கம் பாதாம் பருப்பும் தக்காளியும் போட்டு இடிப்பினம், ஜெனோவாக் கப்பல்காரர் வந்து போன வழக்கமாம். என்ர நாக்குக்கு அதுதான் திறம். மச்சாள் அதையும் சும்மா விடேல்லை. நீங்கள் தந்துவிட்ட உரலில தேங்காய்ப்பூ, பச்சை மிளகாய், சின்ன வெங்காயம், தேசிக்காய்ப்புளியோட பசிலிக்கோவை இடிச்சுச் சம்பல் ஆக்கிட்டா. சின்யோரா ஒரு வாய் வைச்சா, கண் கலங்கிச்சுது, கதிரையில இருந்திட்டா. நாங்கள் அம்புலன்சுக்கு நம்பர் தேடிக்கொண்டிருக்க, பாணை நீட்டி இன்னும் கேட்டா.

நீங்கள் துளசி விதை தபாலில அனுப்பிறன் எண்டனீங்கள், வேண்டாம். ஐரோப்பாவுக்குள்ள விதை வாறதெண்டால் தாவரச் சுகாதாரச் சான்றிதழ் கேப்பாங்கள், பறிச்சு எறிவாங்கள். அதுக்குப் பதிலாய் அடுத்த மாதம் வாற ஆரிட்டயாவது ரெண்டு கிலோ கறித்தூள் குடுத்துவிடுங்கோ, நல்லாய்க் கறுக்க வறுத்தது. மேலதிகமாய் அரைக்கிலோ தனிப்பையில கட்டி, சின்யோராவின்ர எண்டு எழுதி விடுங்கோ. அவ காசும் தந்திட்டா.

இப்படிக்கு,
அன்புத் தம்பி